பனிக்காலமும் வண்டி வீடும்

திருக்குர்ஆனின் 106ஆம் அத்தியாயம் குறைஷியரின் இரு பயணங்களைக் குறிப்பிடுகின்றது. ஒன்று குளிர்காலத்தது, மற்றொன்று கோடைக்காலத்தது. குளிர்காலத்தில் அவர்தம் வணிகக் கூட்டம் தெற்கே யமன் நாட்டுக்கும், கோடையில் வடக்கே சிரியாவுக்கும் சென்றதென்று விரிவுரையாளர்கள் விளக்குவர். பருவத்தின் இயல்பறிந்து திசையைத் தேர்ந்த மக்கள் அவர்கள். குளிர் வந்தால் வெம்மையான நாடு. வெயில் வந்தால் குளிர்ந்த நாடு. நாமோ குளிர்காலத்தில் குளிரையே தேடிச் செல்கிறோம். அவ்வாறு சென்ற எங்கள் குடும்பத்தின் அனுபவத்தை மாணவ மணிகளோடும் சமுதாயப் பெரியோர்களோடும் பகிர்ந்துகொள்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

வண்டியையே வீடாக்கிக்கொண்டு வழிநடப்பது நமக்குப் புதியதன்று. சங்க காலத்து உமணர் உப்பு வண்டிகளோடு குடும்பமாகவே சென்றனர். பெரும்பாணாற்றுப்படை காட்டும் வண்டியில் கோழிக்கூடு இருக்கின்றது, சிற்றுரல் தொங்குகின்றது, காடி வைத்த கலம் கட்டப்பட்டிருக்கின்றது, குழந்தையை உடைய தாய் எருதுகளை ஓட்டுகின்றாள். சிறுபாணாற்றுப்படையிலோ உமணர் வளர்த்த மந்தி அவர்களுடைய பிள்ளைகளோடு விளையாடுகின்றது. அந்நூலின் தலைவன் நல்லியக்கோடன் ஆண்ட ஓய்மாநாடு நம் திண்டிவனம் பகுதியே. அதில் வரும் கிடங்கில் திண்டிவனத்தை ஒட்டியது. மரக்காணத்தில் இன்றும் உப்பு விளைகின்றது. ஆகவே அந்த வண்டிகளை நினைக்கும்போதெல்லாம் எனக்கு அவை நம் ஊர்ச் சாலையிலேயே செல்வதாகத் தோன்றும்.

உமணரின் முன்னெச்சரிக்கை வியப்புக்குரியது. வழியில் அச்சு முறிந்தால் என் செய்வதென்று கருதி, வண்டியின் அடியில் மற்றோர் அச்சைக் கட்டிச் சென்றனர். அதற்குச் ‘சேம அச்சு’ என்று பெயர். புறநானூற்றின் 102ஆம் பாடலில் ஔவையார் பொகுட்டெழினிக்கு அதனை உவமையாக்கினார். இன்று நாம் கொண்டுசெல்லும் ‘ஸ்டெப்னி’க்கு ஈராயிரம் ஆண்டுக்கு முன்பே தமிழில் பெயர் இருந்தது என்று வகுப்பில் சொன்னால் மாணவியர் சிரித்து மகிழ்வர்.

நான் பிறந்து வளர்ந்தது விக்கிரவாண்டி. சென்னையிலிருந்து வரும் நெடுஞ்சாலையிலிருந்து கும்பகோணம், தஞ்சாவூர் செல்லும் சாலை பிரியும் ஊர். வண்டிகளைப் பார்த்தே வளர்ந்தவர்கள் நாங்கள். என் சிறு வயதில் மார்கழி, தை மாதங்களில் முண்டியம்பாக்கம் சர்க்கரை ஆலையை நோக்கிக் கரும்பு வண்டிகள் வரிசையாக நிற்கும். தம் முறை வரும்வரை வண்டிக்காரர்கள் இரவெல்லாம் காத்திருப்பர். அவர்கள் உறங்கும் முறையை நான் உற்று நோக்கியதுண்டு. வண்டிக்கு அடியில் வைக்கோலைத் தடிப்பாகப் பரப்பி, அதன்மேல் சாக்கு விரித்துப் படுப்பர். மேலே போர்த்த ஒரு போர்வைதான் இருக்கும். கீழே மட்டும் இரண்டு மடங்கு மெத்தென்றிருக்கும். மூன்று கல்லைக் கூட்டிச் சோறாக்கிய நெருப்பு சாலையோரத்தில் தனியே கனன்றுகொண்டிருக்கும். அந்த ஏற்பாட்டின் பொருள் எனக்கு விளங்குவதற்கு முப்பது ஆண்டுகளுக்கு மேலாயிற்று.

என் அண்ணன் பழைய டெம்போ டிராவலர் வேன் ஒன்றை வாங்கியிருந்தார். 2023ஆம் ஆண்டு பொங்கல் விடுமுறையில் அதில் உதகமண்டலம் செல்வதென்று முடிவாயிற்று. அம்மா, அண்ணன், மதனி, அவர்களுடைய இரு மகன்கள், நான், என் கணவர், ஒன்பது வயதான என் மகள் என எண்மர். விடுமுறை நாளில் விடுதி வாடகை எங்கள் அளவுக்கு மீறியதாக இருந்தது. உதகையில் அண்ணனுக்குத் தெரிந்த ஒருவர் தம் வீட்டு முற்றத்தில் வேனை நிறுத்திக்கொள்ள இசைந்தார். அவர் வீடு சிறியது. ஆண்கள் அதன் முன்னறையில் படுப்பது, பெண்களும் சிறு பிள்ளைகளும் வேனிலேயே படுப்பது என்று திட்டமிட்டோம்.

‘கேரவன்’ என்றால் திரைப்பட நடிகர் ஓய்வெடுக்கும் வண்டிதான் இன்று நம்மவர்க்கு நினைவு வரும். ‘கார்வான்’ என்னும் பாரசீகச் சொல் முதலில் வழிச்செல்லும் கூட்டத்தையே குறித்தது. வண்டியைக் குறித்தது பிற்காலத்தில். எங்களுடையதோ அந்தச் சொல்லின் பழம்பொருளுக்கே பொருத்தமானது: கூட்டம் பெரிது, வண்டி எளிது.

ஆயத்தம் இரண்டு வாரம் நடந்தது. வண்டியின் வேலையை அண்ணனும் மெக்கானிக்கும் பார்த்துக்கொண்டனர். பிரேக்கைக் கழற்றிச் சரிபார்த்தனர். ரேடியேட்டரில் வெறும் தண்ணீரை வடித்துவிட்டுக் கூலண்ட் கலந்த நீர் நிரப்பினர். தண்ணீர் உறையும்போது ஏறத்தாழ நூற்றுக்கு ஒன்பது பங்கு விரிவதால், கடுங்குளிர் நாடுகளில் குழாயும் எஞ்சினும் வெடித்துவிடுமாம். ஆகவேதான் அங்கு வண்டி வீடு வைத்திருப்போர் பனிக்காலம் தொடங்குமுன் குழாய்களிலிருந்து நீரை முற்றிலும் வடித்துவிடுகின்றனர். டீசலும் கடுங்குளிரில் கெட்டிப்படும். லடாக் பகுதிக்கென மைனஸ் 33 டிகிரியிலும் உறையாத டீசலை இந்தியன் ஆயில் நிறுவனம் 2019இல் அறிமுகப்படுத்தியது. உதகைக்கு அத்துணை ஏற்பாடு வேண்டியதில்லை. ஆயினும் குளிரில் பேட்டரியின் வலு குறையுமென்பதால் பழையதை மாற்றிப் புதியது பொருத்தினோம். பனிமூட்டத்துக்கு மஞ்சள் விளக்கும், கண்ணாடித் துடைப்பானுக்குப் புது ரப்பரும் வந்தன. மலையில் எந்தக் கியரில் ஏறுகிறோமோ அந்தக் கியரிலேயே இறங்க வேண்டும் என்ற அறிவுரையை மெக்கானிக் மூன்று முறை கூறினார்.

வண்டியின் அமைப்பை மாற்றுவதற்கு வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தின் ஒப்புதல் தேவை. ஆதலால் இருக்கைகளைக் கழற்றாமல், நடுப்பாதையின் குறுக்கே பலகை பரப்பி, மேலே ஜமுக்காளம் விரிப்பதென்று ஏற்பாடு.

வண்டியின் உள்பகுதி என் பொறுப்பு. இங்குதான் என் அறியாமை அறிவுபோல் வேடமிட்டது. கடல்மட்டத்திலிருந்து ஆயிரம் மீட்டர் ஏறினால் ஏறத்தாழ ஆறரை டிகிரி வெப்பம் குறையும் என்று படித்திருந்தேன். உதகை 2,240 மீட்டர் உயரத்தில் உள்ளது. தை மாதத்து இரவில் அங்குப் புல்வெளியில் உறைபனி படியும் என்பதையும் அறிந்திருந்தேன். சமவெளியில் பிறந்தவளுக்கு இந்தக் கணக்கு அச்சத்தையே தந்தது. இருக்கை தைக்கும் கடையில் பஞ்சு நாடா வாங்கி ஜன்னல் சட்டங்களில் எல்லாம் ஒட்டினேன். கதவின் இடுக்கில் பழைய போர்வையைக் கிழித்துச் செருகினேன். ஓட்டுநர் இருக்கைக்குப் பின்னால் கனத்த திரை தைத்துக் கட்டினேன். ஒரு மெழுகுவத்தியை ஏற்றி ஒவ்வொரு ஜன்னலருகிலும் பிடித்துப் பார்த்தேன். சுடர் எங்கும் அசையவில்லை. அந்த அசையாத சுடரைக் கண்டு நான் பெருமைப்பட்டதை இன்று நினைத்தாலும் உடல் நடுங்குகின்றது.

வீட்டிலிருந்த குமுட்டி அடுப்பையும் ஒரு மூட்டை அடுப்புக்கரியையும் கொண்டுசெல்லச் சொன்னவளும் நானே.

உளுந்தூர்பேட்டை, சேலம், அவிநாசி, மேட்டுப்பாளையம் வழியாகச் சென்று, குன்னூர் ஏற்றத்தில் ஏறி, மறுநாள் பிற்பகல் உதகை சேர்ந்தோம். பிள்ளைகளின் மகிழ்ச்சிக்கு அளவில்லை. அன்று மாலை முற்றத்தில் சோறாக்கியபோது ஒரு வியப்பு. உலை கொதிக்கின்றது, அரிசியோ வேகவில்லை. அவ்வுயரத்தில் தண்ணீர் 93 டிகிரி அளவிலேயே கொதித்துவிடும் என்று என் கணவர் விளக்கினார். பிறகு குக்கரில் வைத்தோம்.

இஷா தொழுது முடித்ததும் குளிர் இறங்கியது. பேச்சிலேயே புகை வந்தது. ஆண்கள் முன்னறைக்குச் சென்றனர். அம்மா, மதனி, அண்ணனின் இளைய மகன், என் மகள், நான் ஆகிய ஐவரும் வேனில் ஏறிக் கதவைச் சாத்தினோம். குமுட்டியில் கரி நன்கு கனிந்து, புகை முற்றிலும் அடங்கிய பின் அதை உள்ளே கொணர்ந்து, நடுவே ஒரு தகரத் தட்டின்மேல் வைத்தேன். செக்கச்சிவந்த கனலைச் சுற்றி அமர்ந்து பிள்ளைகள் கை காய்ந்தனர். உள்ளம் நிறைந்திருந்தது.

படுக்கும் நேரத்தில் அம்மா சொன்னார்: “நெருப்ப வெளிய வச்சுட்டுப் படும்மா. தூங்குறப்ப நெருப்பு வச்சிக்கக் கூடாதுன்னு எங்க ஆலிம்சா ஓதிக் குடுத்திருக்காங்க.”

நான் சொன்னேன்: “அது எரியிற நெருப்புக்கும்மா. இது வெறும் கனல். புகைகூட இல்ல பாருங்க. பிள்ளைங்க குளிர்ல நடுங்கிடும்.”

அம்மா ஐந்தாம் வகுப்பு வரை படித்தவர். நான் எம்.ஃபில். பட்டம் பெற்றவள். அவர் அதற்குமேல் ஒன்றும் கூறவில்லை.

அம்மாவுக்கு நெடுநாளாகத் தஹஜ்ஜுத் தொழும் வழக்கம் உண்டு. அன்றும் மூன்று மணியளவில் விழித்திருக்கிறார். எழ முயன்றபோது தலை சுழன்றதாம். ஒளு செய்யத் தண்ணீர் எடுக்க வேண்டுமென்ற ஒரே நினைவோடு, தவழ்ந்தே சென்று, நான் செருகிய துணிகளைப் பிடுங்கிக் கதவைத் திறந்துவிட்டு அதன் வாயிலிலேயே சாய்ந்துவிட்டார். முகத்தில் அடித்த குளிர்காற்றில்தான் நான் கண் விழித்தேன். தலை பிளந்துவிடும்போல் வலித்தது. கால்கள் என்னுடையவையாக இல்லை. மதனி ஏதோ முனகினார். கனலுக்கு மிக அருகில் படுத்திருந்த என் மகளை உலுக்கினேன். அவள் விழிக்கவில்லை.

எப்படிக் கத்தினேன், யார் ஓடி வந்தார்கள் என்பதெல்லாம் எனக்குத் தொடர்ச்சியாக நினைவில் இல்லை. பனி வெளுத்த புல்லின்மேல் என் மகளைக் கிடத்தியதும், அண்ணன் அவளைத் தூக்கிக்கொண்டு ஓடியதும் நினைவிருக்கின்றன. மருத்துவமனையில் பணியிலிருந்த மருத்துவர் இரண்டே கேள்விகள் கேட்டார்: “உள்ளே கரி இருந்ததா? ஜன்னல் திறந்திருந்ததா?” ஐவருக்கும் உயிர்வளி செலுத்தினர். லுஹர் வேளையில் என் மகள் கண் திறந்து தண்ணீர் கேட்டாள். அல்ஹம்துலில்லாஹ்.

நிகழ்ந்தது இதுதான். கரிக்கனல் புகையாவிட்டாலும் கார்பன் மோனாக்சைடு என்னும் நச்சுவாயுவை வெளியிட்டுக்கொண்டே இருக்கும். அடைத்த இடத்தில் காற்று குறையக் குறைய அது மிகும். அதற்கு நிறமில்லை, மணமில்லை. கண்ணோ மூக்கோ அதனைக் காட்டிக்கொடா. நம் குருதியிலுள்ள ஹீமோகுளோபின் உயிர்வளியைவிட இருநூறு மடங்குக்கும் மேலான பற்றோடு அந்த வாயுவைப் பிடித்துக்கொள்ளும். ஆகவே மூச்சு விட்டுக்கொண்டிருக்கும்போதே உடல் உயிர்வளியின்றி வாடும். விழித்திருப்பவனுக்குத் தலைவலியும் குமட்டலும் எச்சரிக்கையாகும். உறங்குபவனுக்கு அந்த எச்சரிக்கையும் இல்லை.

நெருப்பே வேண்டுமென்பதில்லை. 2024 டிசம்பரில் கேரளத்தின் வடகரை அருகே சாலையோரம் நிறுத்தப்பட்டிருந்த கேரவன் ஒன்றில் இருவர் இறந்து கிடந்தனர். வண்டியின் ஜெனரேட்டரிலிருந்து கசிந்த இதே வாயுவே காரணமென்று ஆய்வில் தெரியவந்தது. அச்செய்தியை நாளிதழில் படித்த அன்று நான் வகுப்புக்குச் செல்லவில்லை.

உதகையிலிருந்து திரும்பிய சில மாதங்களில் நெடுநல்வாடை பாடம் நடத்தும் முறை எனக்கு வந்தது. நக்கீரர் பாடிய 188 அடிகள். பல ஆண்டுகளாக நடத்திய பாடம். கூதிர்க்காலத்து மழையில் நனைந்த கோவலர் வெட்டவெளியில் நெருப்புக் காய்கின்றனர். நகரத்து மாடங்களிலோ தென்றல் வரும் சாளரக் கதவுகள் தாழிடப்பட்டிருக்கின்றன. அகன்ற வாயையுடைய ‘தடவு’ என்னும் கணப்புச்சட்டியில் செந்நெருப்பு மூட்டி மக்கள் குளிர் காய்கின்றனர். ‘தடவு – நெருப்புச்சட்டி’ என்று எத்தனை முறை கரும்பலகையில் எழுதியிருப்பேன்! தாழிட்ட சாளரமும் தடவின் நெருப்பும் அருகருகே அமைந்திருப்பதை ஒருநாளும் நான் நின்று நோக்கியதில்லை. எங்கள் குமுட்டியும் தடவுதான். என் பஞ்சு நாடாவும் சாளரத் தாழ்தான். அன்று அப்பகுதியை விளக்கும்போது என் குரல் தழுதழுத்தது. ஒரு மாணவி எழுந்து, “அவங்களுக்கு மட்டும் ஏன் ஒண்ணும் ஆகலை, அம்மா?” என்று கேட்டாள். பாடலில் அதற்கு விடையில்லை. உயர்ந்த மாடமும், அகன்ற கூடமும், ஆள் வந்துபோகும் வாயிலும் அவர்களைக் காத்திருக்கலாம் என்பது என் ஊகம். தகரக் கூண்டில் அடைபட்ட ஐவருக்கு அந்த இடவசதி இல்லை.

நபிமொழிச் செய்தியும் அவ்வாறே. உறங்கச் செல்லும்போது வீட்டில் நெருப்பை விட்டுவைக்க வேண்டாமென்று பெருமானார் (ஸல்) அவர்கள் தடுத்தமை புகாரி, முஸ்லிம் ஆகிய இரு தொகுப்புகளிலும் உள்ளது. நான் அதனைப் படித்திருக்கிறேன். அம்மா அதனைக் கேட்டிருக்கிறார். படித்தவள் அதற்கு விதிவிலக்குத் தேடினேன்; கேட்டவர் அதனைக் கடைப்பிடிக்க விரும்பினார்.

அடுத்த ஆண்டு பொங்கலுக்கு மீண்டும் போகலாமென்று முதலில் சொன்னவர் அம்மாதான். நான் அஞ்சினேன். “தப்பு மலை மேல இல்லம்மா” என்றார். இம்முறை ஆயத்தத்தின் முறை மாறியது. பஞ்சு நாடாக்களைப் பிய்த்தெறிந்தேன். கரும்பு வண்டிக்காரர்களை நினைத்துக்கொண்டு, போர்வைகளைக் கூட்டாமல் கீழ்விரிப்பைக் கூட்டினேன்: பலகைமேல் அட்டை, அதன்மேல் வைக்கோல் திணித்த சாக்கு, அதன்மேல் கோரைப்பாய், பிறகு மெத்தை. குளிர் பெரிதும் கீழிருந்தே ஏறுகின்றது என்பதை அவர்கள் அறிந்திருந்தனர். ஆளுக்கொரு வெந்நீர்ப் பையைக் காலடியில் வைத்தோம். ஒரே தடித்த உடைக்குப் பதிலாக மெல்லிய உடைகளை மூன்றடுக்காக உடுத்தினோம். தலைக்கும் காலுக்கும் கம்பளி. சமையலும் நெருப்பும் முற்றத்தோடு நின்றன; எரிவாயு உருளையும் வெளியிலேயே இருந்தது. எஞ்சினை ஓடவிட்டு உறங்குவதில்லை என்று அண்ணன் உறுதி கூறினார். கார்பன் மோனாக்சைடு எச்சரிக்கைக் கருவி ஒன்றையும் வாங்கி மாட்டினோம்.

எல்லாவற்றினும் மேலாக, இடப்பக்கம் ஒன்று, வலப்பக்கம் ஒன்று என இரு ஜன்னல்களை இரண்டு விரற்கடை திறந்து வைத்தோம். முந்தைய ஆண்டு மூச்சின் ஈரம் கூரையில் நீர்த்துளியாகத் திரண்டு போர்வையை நனைத்தது. இம்முறை காற்று ஊடாடியதால் கூரை காய்ந்திருந்தது. காய்ந்த போர்வைக்குள் குளிரும் குறைந்திருந்தது. குளிருக்கு அஞ்சி அடைத்த ஜன்னலே எங்களை நனைத்துக் குளிர்வித்திருக்கிறது என்பதும் அப்போதுதான் புரிந்தது.

இவற்றையெல்லாம் இம்மலரில் எழுதுவதற்குக் காரணமுண்டு. நம் சமுதாயத்தில் நாகூருக்கும் ஏர்வாடிக்கும் வேன் அமர்த்திக் குடும்பத்தோடு சென்று, இரவில் வண்டியிலேயே தங்குவோர் பலர். விடுமுறையில் மலைக்குச் செல்லும் இளைஞர் இன்னும் பலர். இறைச்சி சுட்ட கரியடுப்பைக் குளிருக்காகக் கூடாரத்துக்குள்ளோ அறைக்குள்ளோ இழுத்து வைத்துக்கொள்ளும் வழக்கமும் அவர்களிடம் பெருகிவருகின்றது. நீலகிரிக்குச் செல்ல 2024 மே மாதத்தில் இ-பாஸ் முறை வந்தது. அச்சீட்டை மறவாமல் எடுத்துவைப்பவர்கள், காற்றுக்கு வழிவிடுவதையும் மறவாதிருக்க வேண்டும். உமணர் சேம அச்சைக் கட்டியதுபோல், உறங்குமுன் ஒரு ஜன்னலைத் திறந்து வையுங்கள். வீட்டிலுள்ள முதியோர் ஒன்றைத் தடுத்தால், விடை சொல்லுமுன் ஒரு கணம் எண்ணிப் பாருங்கள்.

இப்போது என் மகளுக்குப் பன்னிரண்டு வயது முடிந்துவிட்டது. மார்கழி இரவுகளில் விக்கிரவாண்டி வீட்டில் நான் ஜன்னலைச் சாத்தப் போனால், அடுத்த அறையிலிருந்து அம்மாவின் குரல் வரும்: “கொஞ்சம் திறந்தே இருக்கட்டும்மா.”

நான் திறந்தே வைக்கிறேன். வல்ல நாயன் நம் பயணங்களையும் இல்லங்களையும் காத்தருள்வானாக. ஆமீன்.